ஆறு லட்ச ரூபாய்க் கைக்கடிகாரம் நம் ஊர் வெயிலில் அன்றாடம் கட்ட ஏற்றதா?

வாலாஜா வணிகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் உள்ள காலணித் தொழிற்சாலைகளுக்கு உதிரிப் பொருள்கள் வழங்கும் தொழில் செய்து வருகிறேன். வரும் தை மாதம் எனக்கு ஐம்பது வயது நிறைகிறது. திருமணத்தின்போது மாமனார் வீட்டில் போட்ட டைட்டன் கைக்கடிகாரத்தைத்தான் இன்றுவரை கட்டி வருகிறேன். அவ்வப்போது செல் மாற்றியதும், வார் மாற்றியதும் தவிர அது எனக்கு வேறு செலவு வைத்ததில்லை. அது போதும் என்றுதான் நானும் இருந்தேன்.

துபாயில் பணிபுரியும் என் மைத்துனர், ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒமேகா சீமாஸ்டர் கடிகாரம் ஒன்றை அங்கிருந்தே வாங்கி வருவதாகவும், பணத்தை நான் மெல்லக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னதிலிருந்து மனம் அலைபாய்கிறது. நம் பணத்தில் ஐந்து, ஆறு லட்சம் ஆகும் போலிருக்கிறது. தோல் காலணி கொள்முதலுக்காக வெளிநாடுகளிலிருந்து வருபவர்கள் கைகுலுக்கும்போது எதிராளியின் மணிக்கட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை நான் பல கூட்டங்களில் கவனித்திருக்கிறேன். அதற்காக மட்டும் இவ்வளவு செலவு செய்வது தகுமா என்று தெரியவில்லை. "அந்தப் பணத்துக்கு நகை எடுத்தால் பெண்ணுக்காவது ஆகும், கடிகாரத்தை யார் அடகு பிடிப்பார்கள்?" என்பது என் மனைவியின் கேள்வி.

விவரம் அறிந்தவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். ஆயிரம் ரூபாய்க் கடிகாரத்தைவிட ஆறு லட்ச ரூபாய்க் கடிகாரம் நேரத்தைத் துல்லியமாகக் காட்டுமா? சித்திரை, வைகாசியில் நம் பகுதியில் அடிக்கும் வெயிலையும் வியர்வையையும், இருசக்கர வண்டியில் அலையும் என் பிழைப்பையும் அது தாங்குமா? பழுதானால் வேலூரிலேயே பார்க்க முடியுமா? நாளை விற்க நேர்ந்தால் என்ன கிடைக்கும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

லாங் பஜார் கடிகாரக்காரர்

ஐயா, தங்கள் முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம்: காட்டாது.

செல் போட்டு ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இருக்கும் சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணிக்கையை உள்ளிருக்கும் மின்சுற்று பதினைந்து முறை அடுத்தடுத்துப் பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சும். அந்தத் துடிப்புதான் முள்ளை நகர்த்துகிறது. 1989 முதல் விற்பனையில் இருக்கும் கேசியோ எஃப்-91டபிள்யூ கடிகாரத்துக்கு அதன் நிறுவனம் சொல்லும் பிழை மாதத்துக்கு 30 நொடிக்குள்தான். தாங்கள் சொல்லும் சீமாஸ்டரில் இப்போது வரும் இயந்திரம் மணிக்கு 25,200 முறை, அதாவது நொடிக்கு ஏழு முறை துடிக்கும். அதற்கு வழங்கப்படும் சான்றிதழே நாளொன்றுக்கு 5 நொடி வரை வேகமாக ஓடுவதை அனுமதிக்கிறது. மாதக் கணக்கில் பார்த்தால் இரண்டரை நிமிடம் வரை போகலாம். குரோனோமீட்டர் (துல்லியம் சோதிக்கப்பட்ட கடிகாரம்) என்பதற்கான சுவிட்சர்லாந்தின் பொதுவான சான்றிதழ் இன்னும் தாராளமானது; நாளொன்றுக்கு 4 நொடி மெதுவாகவோ 6 நொடி வேகமாகவோ ஓடினாலும் தேர்ச்சிதான். ஒரு இயந்திரக் கடிகாரத்துக்கு இது மிக உயர்ந்த துல்லியம். எனினும் காட்பாடியில் ரயிலைப் பிடிக்க வேண்டியவருக்கு எந்தக் கடிகாரம் சரி என்று கேட்டால், கேசியோவைத்தான் நான் எடுத்துத் தருவேன்.

வெப்பத்தைப் பற்றிப் பலரும் தவறாகவே நினைக்கிறார்கள். கத்திரி வெயிலில் இரும்புச் சுருள் விரிந்து கடிகாரம் மெதுவாகிவிடும் என்று என் கடைக்கு வருபவர்கள் சொல்வதுண்டு. பழங்காலத்தில் அது உண்மைதான். ஆனால் வெப்பத்தால் விறைப்புத்தன்மை மாறாத நிக்கல் எஃகுக் கலவையைக் கண்டறிந்த சார்லஸ் எடுவார் கியோம் என்பவருக்கு நிக்கல் எஃகு ஆய்வுகளுக்காக 1920 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசே கிடைத்தது. ஹேர் ஸ்பிரிங் எனப்படும் அந்த மெல்லிய சுருள்கள் இப்போது அவ்வகைக் கலவைகளிலோ, சீமாஸ்டரில் உள்ளதுபோல் சிலிக்கானிலோ வருவதால் நம் ஊர் நாற்பது டிகிரியைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், வெப்பம் சற்றுத் தொல்லை கொடுப்பது மலிவான குவார்ட்ஸுக்குத்தான். அதன் படிகம் 25 டிகிரியை நடுவாக வைத்துச் சீர்செய்யப்பட்டது. அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும். கையில் கட்டியிருக்கும் வரை உடம்பின் சூடு அதை ஏறக்குறைய ஒரே நிலையில் வைத்திருக்கும். ஓட்டு வீட்டில், கோடையில், அலமாரி மேல் கிடக்கும் கடிகாரம்தான் நாளுக்கு அரை நொடிக்கு மேல் பின்தங்கத் தொடங்கும். இதையெல்லாம் கணக்குப் பார்ப்பவர் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

நம் பகுதியில் கடிகாரத்தைக் கெடுப்பது வியர்வை. உப்பு ஏறிய வியர்வை பின்மூடியின் விளிம்பிலும் சாவியின் (பக்கத்தில் உள்ள திருகுக் குமிழின்) கழுத்திலும் தங்கி, தூசியோடு சேர்ந்து பசை போலக் கெட்டியாகிவிடும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகித் தட்டையாகிவிட்டால் ஈரம் உள்ளே போய்விடும். ஆடி மாதம் முதல் மழை பெய்ததும் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்த கடிகாரங்கள் என் மேசைக்கு வந்து குவியும். "முப்பது மீட்டர் என்று போட்டிருக்கிறதே" என்று எல்லோரும் கேட்பார்கள். முப்பது மீட்டர் என்பது கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதற்கான அளவே தவிர, அதைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்கலாம் என்பதற்கான உறுதிமொழி அன்று. தாங்கள் சொல்லும் சீமாஸ்டர் டைவர் 300 மீட்டர் அழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டது என்பதால் அந்தக் கவலை குறைவு. ஆனாலும் நாள்தோறும் இரவில் ஈரத்துணியால் துடைத்து வைக்க வேண்டும். பத்தாயிரம் ரூபாய்க் கடிகாரத்துக்கும் இதே விதிதான்.

பழுது பார்ப்பதைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய சுவிஸ் நிறுவனங்கள் என் போன்ற தெருக்கடைக்காரர்களுக்கு உதிரிபாகங்களை விற்பதில்லை. எனக்குத் திறக்கத் தெரியும், கழற்றத் தெரியும், எண்ணெய் இடத் தெரியும். ஒரு பற்சக்கரம் தேய்ந்திருந்தால் மாற்றுவதற்கு என்னிடம் பாகம் இராது. தாங்கள் சென்னைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒப்படைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஐந்து முதல் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு சர்வீஸ் செய்ய அந்த நிறுவனமே பரிந்துரைக்கிறது. அதற்குப் பல பத்தாயிரங்கள் ஆகும். ஒரு சர்வீஸுக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல சீக்கோ ஆட்டோமேட்டிக் (கையசைவிலேயே தானாகச் சாவி ஏறும் கடிகாரம்) ஒன்றைப் புதிதாகவே வாங்கிவிடலாம். வாங்கும் விலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், வைத்திருக்கும் செலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மலிவான குவார்ட்ஸ் கடிகாரத்தில் இயந்திரமே கெட்டாலும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. சில நூறு ரூபாய்க்குப் புது இயந்திரத்தை உள்ளே வைத்து, பழைய டயலையும் முள்ளையும் பொருத்திக் கொடுத்துவிடுவோம்.

தங்களுக்குச் சாவி கொடுக்கும் கடிகாரத்தின் மீதுதான் ஆசை என்றால் பழைய எச்.எம்.டி. ஜனதா ஒன்றைத் தேடிப் பாருங்கள். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961 இல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிய அந்த அரசு நிறுவனம், 2016 இல் தன் கடிகாரத் தொழிற்சாலைகளை மூடிவிட்டது. பதினேழு கல் வைத்த அந்த இயந்திரத்தை நம் ஊரில் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்யக் கூடியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இணையத்தில் பளபளவென்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை, பழைய இயந்திரத்தின் மேல் எவரோ புதிதாக அச்சடித்த டயலை ஒட்டியவை. கருநீலத்திலும் இளஞ்சிவப்பிலும் ஜனதா டயலைக் கண்டால் இரண்டு முறை யோசியுங்கள்.

இரவுப்பணி செவிலியர்

நான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறேன். நோயாளிகளைத் தொடும் இடங்களில் முழங்கைக்குக் கீழே வளையலோ கடிகாரமோ அணியக்கூடாது என்பது தொற்றுத்தடுப்பு விதி. ஆகவே எங்களில் பலர் கடிகாரத்தைச் சட்டைப்பையிலோ, சீருடையில் குத்திக்கொள்ளும்படியோ வைத்திருக்கிறோம். நாடித்துடிப்பை எண்ணுவதற்கு நொடி முள் தெளிவாகத் தெரிய வேண்டும், கிருமிநாசினி பட்டால் கெடக்கூடாது, தொலைந்தால் அழுகை வரக்கூடாது. இந்த மூன்றும் பொருந்துவது எண்ணூறு, ஆயிரம் ரூபாய்க் கடிகாரத்துக்குத்தான். வேலையின் இயல்புக்கு எது பொருந்துகிறதோ அதைக் கட்டுங்கள் ஐயா. தோல் தொழிற்சாலைக்குள் ரசாயனங்களைத் தொட்டுப் பார்க்கும் நேரத்தில் அந்த ஆறு லட்சத்தை எங்கே கழற்றி வைப்பீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

காட்பாடி சேகரிப்பாளர்

கடிகாரக்கார ஐயா சொன்ன ஒவ்வொரு விவரமும் சரி. ஆனால் துல்லியத்தை அளவுகோலாக வைத்து இயந்திரக் கடிகாரத்தை எடைபோடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வழக்கு 1969 டிசம்பரில் சீக்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்கு வைத்த அன்றே முடிந்துவிட்டது. அன்றைக்கு அதன் விலை நான்கரை லட்சம் யென். ஒரு புதிய காரின் விலைக்கு நிகர் என்பார்கள். அதாவது முதலில் வந்தபோது குவார்ட்ஸ்தான் ஆடம்பரப் பொருளாக இருந்தது. பிறகு அது மலிந்து, சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலையே ஏறக்குறைய படுக்க வைத்துவிட்டது. பிழைத்தெழுந்த சுவிஸ் நிறுவனங்கள் அதற்குப் பிறகு நேரத்தை விற்கவில்லை. நூற்றுக்கணக்கான பாகங்கள் மின்சாரமே இல்லாமல், கையின் அசைவில் சேரும் விசையால் ஓடும் கைவேலையை விற்கின்றன. பின்மூடி கண்ணாடியாக உள்ள கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்து, பாலன்ஸ் சக்கரம் முன்னும் பின்னும் சுழல்வதை ஒரு நிமிடம் பாருங்கள். அது தங்களுக்கு எதையும் செய்யவில்லை என்றால் கேசியோவே போதும், பணம் மிச்சம். ஏதோ செய்கிறது என்றால் துல்லியக் கணக்கைக் காட்டி அந்த ஆசையை யாரும் அடக்க முடியாது.

கொள்முதலுக்கு வருபவர்கள் மணிக்கட்டைப் பார்க்கிறார்கள் என்பதற்காக வாங்குவதுதான் எனக்கு உவப்பில்லாத காரணம். அவர்களுள் கடிகாரம் அறிந்தவர் பழைய டைட்டனையும் மதிப்பார். ஓசூரில் அந்தத் தொழிற்சாலை வந்ததற்கு டாடாவோடு தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984 இல் தொடங்கிய கூட்டு முயற்சிதான் காரணம் என்று நீங்கள் சொன்னால், பேச்சு அங்கிருந்தே சுவையாகத் தொடங்கும்.

தங்கள் இல்லத்தரசியாரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வதுதான் சரி. நகையில் செய்கூலியும் சேதாரமும் போனாலும் தங்கத்தின் எடை அப்படியே நிற்கும். எந்த வங்கிக்குப் போனாலும் அரை மணி நேரத்தில் கடன் கிடைக்கும். கடிகாரத்தை எந்த வங்கியும் ஈடாக ஏற்காது. ரோலெக்ஸின் சில எஃகு மாதிரிகள் விலை குறையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு எல்லா ஆடம்பரக் கடிகாரமும் முதலீடு என்று பேசுபவர்கள் மிகுந்துவிட்டார்கள். பெரும்பாலான கடிகாரங்கள் கடை வாசலைத் தாண்டியதுமே கணிசமாக மதிப்பிழக்கும். அதிலும் வேலூர் போன்ற ஊரில் அதை வாங்க ஆள் தேடுவதே ஒரு வேலை. கடைசியில் சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள மறுவிற்பனையாளரிடம், அவர் சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே இது செலவு. சேமிப்புக் கணக்கில் இதை எழுதாதீர்கள்.

மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் கட்டிக்கொண்டு வந்தால் கேட்கமாட்டார்கள் என்று பலரும் சொல்வதை நம்ப வேண்டாம். ஐந்து லட்ச ரூபாய்ப் பொருள் பயணிகளுக்கான வரிவிலக்கு வரம்பை எளிதாகத் தாண்டிவிடும்; சுங்கத்தில் தாமாகவே அறிவித்து வரி செலுத்துவதே முறை. அந்த வரியைச் சேர்த்துப் பார்த்தால் துபாய் விலைக்கும் சென்னை விலைக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் கரைந்துவிடும். இன்னொன்று, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி சுவிஸ் கடிகாரங்களுக்கான இறக்குமதி வரி சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறையும். அவசரப்படாமல் இருப்பதற்கு இது போதுமான காரணம் என்பேன். சென்னையில் வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றுக்கொள்ள விற்பனையாளருக்குச் சட்டம் இடம் தரவில்லை. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரங்களுக்கு 2025 ஏப்ரல் 22 முதல் ஒரு விழுக்காடு வரியும் விற்பனையின்போதே வசூலிக்கப்படுகிறது. தங்கள் கணக்கு அந்த வரம்புக்குள் வராது. பில்லும் வாரண்டி அட்டையும் பெட்டியும் கடைசிவரை பத்திரமாக இருக்கட்டும். அவை இல்லாத அசலை விற்கப் போனால், போலியை விற்க வந்தவரைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள்.

ஆம்பூர் தோல் பட்டறை

வார் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். நம் வட ஆற்காட்டுப் பகுதியில் பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை என்று எங்கு பார்த்தாலும் தோல் பதனிடும் தொழில்தான். ஆயினும் நம் கோடைக்குத் தோல் வார் ஏற்றதல்ல என்பதைத் தோல்காரனான நானே சொல்கிறேன். ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளில் பதனிட்ட தோல் கைக்கு இதமாக இருக்கும், நாளாக நாளாக நிறம் கனிந்து அழகும் கூடும். ஆனால் வியர்வையை அப்படியே குடிக்கும். தினமும் கட்டினால் ஒரு கோடைக்குள் உள்பக்கம் கறுத்து, நாற்றமெடுத்து, ஊக்கு நுழையும் துளைகள் நீண்டுவிடும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் ஈரத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்றாலும் உள்ளுறைத் தோலும் தையலும் முதலில் விட்டுப்போகும்.

மாசி முடிந்ததும் எஃகுச் செயினுக்கோ ரப்பர் வாருக்கோ மாறிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி தோலுக்கு வாருங்கள். முகூர்த்தத்துக்குப் போகும் இரண்டு மணி நேரத்துக்குத் தோல் வார் போதும், மண்டபத்தில் ஏ.சி. இருந்தால் கூடுதல் நன்மை. வீட்டுக்கு வந்ததும் கழற்றிப் பெட்டிக்குள் பூட்டிவிடாமல், மின்விசிறிக் காற்றுப்படும் இடத்தில் நிழலில் வைத்துவிடுங்கள். கம்பெனி தரும் முதலைத்தோல் வாருக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே அளவில் நல்ல கன்றுத்தோலில் நாங்கள் கையால் தைத்துக் கொடுப்பதற்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அளவெடுக்கும்போது டயலின் அகலத்தைச் சொல்லாதீர்கள்; இரு காதுகளுக்கு இடையே வார் நுழையும் இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து சொல்லுங்கள். பெரும்பாலும் 18, 20, 22 என்று வரும்.

வாலாஜா வணிகர்

அனைவருக்கும் நன்றி. கருத்துகளை மனைவியிடம் படித்துக் காட்டினேன். காட்பாடி நண்பரின் பத்தியை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். துபாய் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். சென்னையில் கடைக்கு நேரில் போய்க் கையில் கட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன். அன்றாடத்துக்கு டைட்டனே தொடரும். இன்னும் ஒரு சந்தேகம். வாங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் விசேஷ நாள்களும்தான் கட்டுவேன். இடைப்பட்ட நாள்களில் நின்றுவிட்டால் இயந்திரம் கெடுமா? தானாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும் மின்பெட்டி ஒன்றை விற்கிறார்களே, அது தேவையா?

லாங் பஜார் கடிகாரக்காரர்

தேவையில்லை ஐயா. முழுவிசை ஏறிய சீமாஸ்டர் 55 மணி நேரம் ஓடும். ஞாயிறு இரவு கழற்றி வைத்தால் செவ்வாய் இரவிலோ புதன் விடியலிலோ நின்றுவிடும். நிற்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. ஓடாத நேரத்தில் தேய்மானமும் இல்லை. மறுபடி எடுக்கும்போது சாவியின் திருகைத் தளர்த்தி, இருபது, முப்பது சுற்றுக் கொடுத்துவிட்டுக் கையில் கட்டுங்கள். நேரம் வைத்து முடித்ததும் சாவியை உள்ளே அழுத்தித் திருகி மூட மறந்தால் முன்னூறு மீட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை, தண்ணீர் நேராக உள்ளே போகும்.

ஆட்டோமேட்டிக் எதுவானாலும் தேதியை மாற்றும்போது ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்று மணி வரை தேதிச் சக்கரத்தைப் பல இயந்திரங்களில் பற்கள் பற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவசரமாகத் தேதியைத் திருப்பினால் பல் முறியும். முதலில் முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, முந்தைய நாளின் தேதியை வைத்து, பிறகு முள்ளை முன்னோக்கியே சுற்றி இன்றைய தேதிக்கும் நேரத்துக்கும் வாருங்கள்.